ரெஸ்யூமை மூடி வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள்

15 வருடமாக ஆள் எடுக்கிறேன். ஒருமுறை பளபளப்பான ரெஸ்யூமில் மயங்கி ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். முதல் வாரம் ஒரு வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதச் சொன்னால், நான்கு வரிக்கு மதியம் வரை ஆனது. அதிலும் ஒரு வருத்தச் சொல் இல்லை. தப்பு அவர்மேல் இல்லை, முன்பே எழுதச் சொல்லிப் பார்க்காத என்மேல்தான்.

இப்போது நேர்காணலுக்கு முன்பே பெயர் மறைத்த பழைய புகார் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுத 40 நிமிடம். அதற்கு மேல் போனால் பணம் கொடுங்கள். ஓசியில் வேலை வாங்குவது அசிங்கம். புகாரில் ஆர்டர் தேதியை வேண்டுமென்றே விட்டிருப்பேன். "எப்போது ஆர்டர் செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறவரைக் குறித்துக்கொள்வேன்.

அப்புறம் கேள்விகள். எல்லோருக்கும் அதே ஐந்து, அதே வரிசை. "நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்றால் மனப்பாடம்தான் வரும். "கடைசியாகச் செய்த தவறை யார் கண்டுபிடித்தார்? அடுத்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நேர்காணல் எடுக்கிறவர்கள் மதிப்பெண்ணை அவரவர் தனியாக, உடனே எழுதிவிட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் மேலாளர் போட்டதுதான் எல்லோருடையதும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1998-இல் உளவியலாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையில் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்லும் வேலை மாதிரித் தேர்வும் இத்தகைய நேர்காணலும், ஒருவர் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்பதை அனுபவ வருடங்களைவிட நன்றாகவே கணித்தன.

ரெஸ்யூமில் இடைவெளி இருந்தால் ஒருமுறை கேளுங்கள், சரி, விட்டுவிடுங்கள். பழைய மேலாளரிடம் போனில் ஒரே கேள்வி: "இவரை மறுபடி எடுப்பீர்களா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.