கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கணக்கில் ஏதாவது தப்பாக நடந்தால் கிளைக்குப் போய் மேலாளரைப் பார்க்கலாம், கார்டை முடக்கச் சொல்லலாம், எழுத்து மூலம் புகார் தரலாம். கிரிப்டோவில் அந்த வசதி கிடையாது. பிளாக்செயினில் (கிரிப்டோ கணக்கு எழுதப்படும் பொதுப் பேரேடு) ஒரு பரிவர்த்தனை உறுதியாகிவிட்டால் அதைத் திருப்பும் பொத்தான் யாரிடமும் இல்லை. அதனால் கவனமெல்லாம் பணம் கிளம்புவதற்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்று கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பாஸ்வேர்டை எந்தப் பக்கத்தில் தட்டுகிறோம் என்று பார்ப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

கணினியில் செய்யும் முதல் தவறு, ஒவ்வொரு முறையும் கூகுளில் எக்ஸ்சேஞ்சின் (கிரிப்டோவை வாங்கி விற்கும் தளம்) பெயரைத் தேடி, மேலே வருவதைச் சொடுக்கி உள்ளே போவது. மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் மோசடிக்காரராகவும் இருக்கலாம். அந்தப் பக்கம் அசலைப் போலவே இருக்கும்: அதே லோகோ, அதே நிறம், அதே லாகின் பெட்டி.

முகவரியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2018-இல் பைனான்ஸ் (Binance) என்ற எக்ஸ்சேஞ்சின் பயனர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பைனான்ஸின் ஆங்கிலப் பெயரில் இரண்டு 'என்' எழுத்துகள் உண்டு. மோசடிக்காரர்கள் பதிவு செய்த போலி முகவரியில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் கீழே ஆளுக்கொரு சின்னப் புள்ளி இருந்தது. திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோகும் அளவுக்குத்தான் அந்த வித்தியாசம். உள்ளே நுழைந்தவர்களின் விவரங்களை வைத்து மோசடிக்காரர்கள் உடனே எதையும் திருடவில்லை. கணக்குகளில் ஏபிஐ சாவிகளை (ஒரு நிரல் உங்கள் சார்பில் வாங்கி விற்க அனுமதி தரும் ரகசியக் குறியீடு) மட்டும் உருவாக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மார்ச் 7 அன்று அந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வயாகாயின் என்ற நாணயத்தை வாங்கித் தள்ளின. விலை எகிறியதும், தாங்கள் முன்பே வாங்கி வைத்திருந்ததை விற்றார்கள். பைனான்ஸின் கண்காணிப்பு அமைப்பு விழித்துக்கொண்டு, பணம் வெளியே போவதை நிறுத்தியது. எல்லா எக்ஸ்சேஞ்சிலும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீங்கள் உருவாக்காத ஏபிஐ சாவி ஏதாவது உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள்.

இதற்குத் தீர்வு எளிது. சரியான முகவரியை ஒரே ஒரு முறை, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அப்புறம் எப்போதும் அந்தப் புக்மார்க் வழியாக மட்டும் போங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பு, டெலிகிராமில் யாரோ அனுப்பும் இணைப்பு எதுவும் வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்தினால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. முகவரி ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அது பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாகத் தானாக நிரப்புவது ஒருநாள் நிரப்பாவிட்டால், எரிச்சல்பட்டு நீங்களே தட்டிவிடாதீர்கள். நின்று முகவரியைப் பாருங்கள்.

போனில் இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. 2023 டிசம்பரில் இந்திய நிதி உளவுப் பிரிவு, தன்னிடம் பதிவு செய்யாமல் இங்கே இயங்கிய ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜனவரியில் அவற்றின் ஆப்கள் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்தன. பைனான்ஸ் உட்படச் சில நிறுவனங்கள் பின்னர் பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தன. இப்படி ஒரு ஆப் காணாமல் போகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். உள்ளே பணம் மாட்டிக்கொண்டதே என்ற பதற்றத்தில், வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட ஏபிகே கோப்பை (ஸ்டோருக்கு வெளியே ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்கி நிறுவத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் புக்மார்க் செய்த அதிகாரபூர்வ இணையதளமும், அதில் வரும் அறிவிப்புமே நம்பத் தகுந்தவை.

ஸ்டோரில் இருக்கிற ஆப் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. உருவாக்கிய நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். நிறுவிய பிறகு ஏதாவது ஆப் 'அணுகல்தன்மை' அனுமதி கேட்டால் உஷாராகுங்கள். பார்வைக் குறைபாடு போன்ற தேவை உள்ளவர்களுக்காக ஆண்ட்ராய்டில் இருக்கும் வசதி அது. தீய ஆப் கையில் கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். எக்ஸ்சேஞ்ச் ஆப்புக்கு அது தேவையே இல்லை.

போனில் இன்னொரு பழக்கம், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. அத்தென்டிகேட்டரின் (லாகின் குறியீடு உருவாக்கும் ஆப்) கியூஆர் கோடு, மீட்புக் குறியீடுகள், தனி வாலட்டைத் திறக்கும் 12 மீட்புச் சொற்கள் என்று எல்லாம் கேலரியில் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடக்கும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி எழுதினார்கள். கேலரிப் படங்களில் உள்ள எழுத்தைப் படித்து, அந்த மீட்புச் சொற்களைத் தேடி அனுப்புவதுதான் அதன் வேலை. கூகுள் பிளேயில் மட்டுமல்ல, ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் அது புகுந்திருந்தது. மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். கேலரியில் இருப்பதை அழித்து, 'சமீபத்தில் அழித்தவை' பகுதியிலிருந்தும் அழியுங்கள்.

சரி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு வருவோம். எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எக்ஸ் தளக் கணக்கே இப்படித்தான் போனது. அதில் பிட்காயின் ஈடிஎஃப் (பங்குபோல் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) அனுமதிக்கப்பட்டதாகப் பொய்ப் பதிவு வந்து சந்தை ஆடியது. உங்கள் போனில் காரணமே இல்லாமல் சிக்னல் போய், நெடுநேரம் திரும்பாவிட்டால், இன்னொரு போனிலிருந்து உடனே சேவை நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்.

அத்தென்டிகேட்டர் ஆப் இதைவிட மேல். குறியீடு போனுக்குள்ளேயே உருவாகிறது, 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. ஆனால் போலிப் பக்கத்தில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால், அதே நொடியில் அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள். 30 விநாடி அதற்குத் தாராளம். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் டிஜிட்டல் சாவி) வசதி உள்ள எக்ஸ்சேஞ்சாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கீ எந்த முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அங்கே மட்டுமே வேலை செய்யும். நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. அத்தென்டிகேட்டரிலேயே இருப்பவர்கள் பழைய போனை விற்பதற்கு முன், புதுப் போனில் குறியீடு சரியாக வருகிறதா என்று லாகின் செய்து பாருங்கள். போனை ரீசெட் செய்த பிறகு யோசித்தால் எக்ஸ்சேஞ்சுக்கு செல்ஃபியும் அடையாள அட்டையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

எக்ஸ்சேஞ்சை இவ்வளவு பூட்டிவிட்டு, மின்னஞ்சலைத் திறந்து போட்டிருப்பார்கள். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் இணைப்பு போவது மின்னஞ்சலுக்குத்தானே. அங்கேயும் பாஸ்கீ அல்லது அத்தென்டிகேட்டர் வேண்டும். வேறு எங்கும் பயன்படுத்தாத ஒரு தனி மின்னஞ்சலை எக்ஸ்சேஞ்சுக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கணினியில் பாஸ்வேர்டே தேவைப்படாத திருட்டும் உண்டு. நாம் உள்ளே இருக்கிறோம் என்பதைத் தளம் நினைவில் வைக்க, பிரவுசரில் குக்கீ என்ற சிறு தகவல் துண்டு இருக்கும். கிராக் செய்த மென்பொருள், விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் நிரல் போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் தீநிரல்கள் அந்தக் குக்கீயையே எடுத்துப்போகின்றன. எடுத்தவரிடம் ஓடிபி கேட்காமலே தளம் திறக்கலாம். வீட்டில் பிள்ளைகள் விளையாட்டு இறக்கும் கணினியில் எக்ஸ்சேஞ்சைத் திறக்காதீர்கள். வேறு கணினி இல்லையென்றால், ஆப்பை முறையாக நிறுவிய போனே மேல். பிரவுசிங் சென்டர், அலுவலகக் கணினி இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பணம் அனுப்பும்போது பெறுபவரின் வாலட் முகவரியை நகலெடுத்து ஒட்டுகிறோம். நடுவில் அதை மாற்றிவிடும் தீநிரல்கள் இருக்கின்றன. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தைப் பார்ப்பது பலரின் வழக்கம். அது போதாது. 2024 மே மாதம் ஒருவர் தன் பரிவர்த்தனை வரலாற்றிலிருந்து முகவரியை எடுத்து, அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலர் பெறும் 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியம் நெட்வொர்க்கில் பிட்காயினுக்கு ஈடாகப் புழங்கும் நாணயம்) அனுப்பினார். முன்னும் பின்னும் அசலைப் போலவே இருக்கும்படி ஒரு முகவரியை மோசடிக்காரர் உருவாக்கி, அந்த வரலாற்றில் நுழைத்து வைத்திருந்தார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது, அது அரிது. நடு எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் சிறு தொகை அனுப்புங்கள். எக்ஸ்சேஞ்சில் 'அனுமதித்த முகவரிகள்' வசதி (நீங்கள் முன்பே சேர்த்த முகவரிகளுக்கு மட்டும் பணம் போகும்) இருந்தால் இயக்கிவிடுங்கள். அதோடு பணம் எந்த நெட்வொர்க் (எந்த பிளாக்செயின்) வழியாகப் போகிறது என்றும் பாருங்கள்: டிரான் முகவரி ஆங்கில 'டி'யில் தொடங்கும், எத்தீரியம் முகவரி பூஜ்யத்திலும் 'எக்ஸ்'ஸிலும் தொடங்கும்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். அவர்களுக்கு உங்கள் பெயர், முகவரி, கணக்கில் உள்ள தொகைகூடத் தெரிந்திருக்கலாம். காயின்பேஸ் என்ற அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் வெளிநாட்டு சேவைப் பணியாளர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து வாடிக்கையாளர் விவரங்களை வாங்கியது 2025 மே மாதம் வெளியே வந்தது. நிறுவனத்தின் பெயரில் அழைத்து மக்களை ஏமாற்றத்தான் அந்த விவரங்கள். எனிடெஸ்க் (உங்கள் சாதனத்தைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்) போட்டுக்கொள்ளுங்கள், திரையைக் காட்டுங்கள், பணத்தைப் 'பாதுகாப்பான வாலட்'டுக்கு மாற்றுங்கள் என்பதில் எது வந்தாலும் அது மோசடிதான்.

நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் எக்ஸ்சேஞ்சே பறிகொடுக்கலாம். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். வாங்கி விற்கத் தேவையானதை மட்டும் எக்ஸ்சேஞ்சில் வையுங்கள்.

ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தால், வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு எக்ஸ்சேஞ்சில் கணக்கை முடக்கும் வசதியை அழுத்தி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். இந்தியாவில் 1930 எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை ஹாஷ் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி அடையாளக் குறியீடு), பணம் போன முகவரி, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருடன் வேறொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியிருந்தால் அங்கே முடக்க வாய்ப்பு உண்டு, அது மணிக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். நடந்ததைப் பொதுவில் எழுதினால், முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.