கை ஆசிலாஸ்கோப்: திருகுக்கு முன் ஒரு துடைப்பு

பாம்பன், மண்டபம் பக்கம் விலை குறைந்த கை ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள், புரோபில், அதாவது அளக்கும் கம்பியில், அலை வடிவத்தைச் சரிசெய்யும் திருகைத் தொடுமுன், அது கருவியோடு இணையும் பிஎன்சி கனெக்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புக்காற்றில் படியும் ஈரப்படலம் கருவியின் 1 மெகாஓம் மின்தடை கொண்ட உள்ளீட்டில் மின்கசிவை உண்டாக்கி அளவைக் குறைத்துக் காட்டும். அதன்மேல் எந்தச் சரிசெய்தலும் நிற்காது. பிறகு கால் மணி நேரம் ஓடவிட்டு, புரோப் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் சேர்த்துப் பிடித்துத் திரையில் தெரியும் கோட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து புரோபின் சுவிட்சை 10எக்ஸில் (அலையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) வைத்து, கருவியிலேயே கிடைக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைப் பாருங்கள். அலையின் மூலை துருத்தினாலும் மழுங்கினாலும் திருகை மயிரிழை திருப்புங்கள், தலை தட்டையாகும். பிளாஸ்டிக் திருப்புளிதான், இரும்பு பக்கத்தில் வந்தாலே அலை மாறும், எடுத்தால் பழையபடி ஆகும்.

குறைக்காமல் அனுப்பும் 1எக்ஸ் நிலையில் இந்தத் திருகுக்கு வேலையில்லை. வோல்ட் அளவும் இதனால் திருந்தாது. அதற்கு, நல்ல மல்டிமீட்டரில் அளந்த பேட்டரியோடு ஒப்பிட வேண்டும்.