துரு காற்றை எடுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

ஒரு ஆணியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாளில் பழுப்பாகிவிடும், "இதுதான் வேதியியல் மாற்றம்" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பார்ப்பவர் மனதில் நிறம் மாறியது மட்டும்தான் நிற்கும். இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு வேறொரு பொருளாகவே ஆகிவிடுகிறது என்பதல்லவா விஷயம்? அதைக் காட்ட இந்தச் சோதனையைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

முதலில் ஸ்டீல் வூல் வேண்டும், அதாவது மெல்லிய இரும்பு நார். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் வேண்டாம், அதிலுள்ள குரோமியம் துருவைத் தடுத்துவிடும். வாங்கிய நாரில் எண்ணெய்ப் பூச்சு இருக்கலாம், அதனால் வினிகரில் ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகப் பிழிந்துவிடுங்கள். அமிலம் மிஞ்சினால் அது இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், அப்புறம் அளவு சரியாக வராது, எனவே அலசுவதில் அவசரம் வேண்டாம்.

உயரமான, ஒடுக்கமான கண்ணாடி டம்ளர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியில் ஈர நாரைக் கவிழ்த்தாலும் விழாதபடி, ஆனால் உதிரியாகச் செருகுங்கள், மற்றது வெறுமையாகவே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றிய தட்டில் இரண்டையும் கவிழ்த்து வைத்து, உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். தட்டில் தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விளிம்பு வெளியே தெரிந்தால் காற்று புகுந்து எல்லாம் வீணாகிவிடும்.

ஓரிரு நாள் விடுங்கள். நார் இருக்கும் டம்ளரில் தண்ணீர் மெதுவாக மேலே ஏறும், வெறும் டம்ளரில் பெரிய மாற்றம் இருக்காது. நார் போதுமான அளவு இருந்தால் உள்ளிருந்த காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நின்றுவிடும், அதற்கு மேல் எத்தனை நாள் வைத்தாலும் ஏறாது. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன், அதை இரும்பு தொடுவதில்லை. காணாமல்போன காற்று எங்கே போனது என்று கேட்டால் நாரில் படிந்த பழுப்பைக் காட்டலாம்: இரும்பும் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்த நீரேறிய இரும்பு ஆக்சைடு அது. தண்ணீரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 112 கிராம் இரும்பு 48 கிராம் ஆக்சிஜனை இழுத்து 160 கிராம் ஆக்சைடு ஆகிறது. ஆக, துருப்பிடித்தால் எடை கூடத்தான் செய்யும். பலர் குறையும் என்றே நினைக்கிறார்கள், துரு உதிர்ந்து விழுவதைப் பார்த்துப் பழகியதால்.

கடைசியாக, நாரைக் காயவைத்து, பழுப்புத் தூளைத் தாளில் தட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். நல்ல துருத்தூள் அநேகமாக அசையாது. ஒட்டிக்கொண்டு நகர்பவை பெரும்பாலும் இன்னும் மாறாத இரும்புத் துணுக்குகள். அதே நாரில் புதிதாக ஒரு துண்டைக் கத்தரித்து, எவ்வளவு பொடியாக நறுக்கினாலும், காந்தம் இழுக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது வடிவம் மட்டும் மாறிய அதே இரும்பு.