மனத்தாழ்மையில் நாம் சறுக்கும் இடங்கள்

மனத்தாழ்மையில் நாம் முதலில் சறுக்கும் இடம் இது: ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் ‘ஆள் இப்படித்தான்’ என்று முடிவு கட்டுவது. இது எல்லோருக்கும் உள்ள பழக்கம். விசுவாசிகள் கூடுதலாக ஒன்று செய்கிறோம். ‘எனக்கு ஆவியில் உணர்த்தப்பட்டது’ என்று சொல்லி, அந்த முடிவை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி ஆக்கிவிடுகிறோம்.

ஏலி ஆசாரியனே இதில் சறுக்கியவர்தான். சீலோவில் அன்னாள் ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்த ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார் (1 சாமுவேல் 1). உதடு அசைந்தது நிஜம்தான். ஆனால் ‘என்னம்மா ஆயிற்று?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தன் மனவேதனையைச் சொன்னதும், பிடிவாதம் பிடிக்காமல் ‘சமாதானத்துடனே போ’ என்று அனுப்பினார். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.  

யோசுவா 22-ல் விஷயம் யுத்தம் வரைக்கும் போகிறது. இஸ்ரவேலில் ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் யோர்தான் ஓரத்தில் பெரிய பீடம் ஒன்றைக் கட்டுகிறார்கள். பலியிட வேறொரு பீடம் கட்டி, கர்த்தரை விட்டு விலகிவிட்டார்கள் என்று மற்ற கோத்திரங்கள் சண்டைக்குக் கூடிவிட்டன. நல்லவேளையாக முதலில் ஆசாரியன் பினெகாசையும் 10 பிரபுக்களையும் அனுப்பினார்கள். போனவர்களும் குற்றம் சாட்டித்தான் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அது பலிக்கான பீடமே இல்லை. ‘கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை’ என்று பிற்காலத்தில் யாரும் தங்கள் பிள்ளைகளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கான சாட்சி. விலகிவிடுவோமோ என்று பயந்து கட்டியதையே விலகிப்போனதாக நினைத்திருக்கிறார்கள்!

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்குள் இதையும் சேர்க்கிறார்: பிறர் செய்வதற்கு நல்ல அர்த்தமே கொடுக்க வேண்டும். அதே நூற்றாண்டில் எதிர்முகாமான கத்தோலிக்கர் பக்கம் நின்ற இஞ்ஞாசியார் அதற்கு வழிமுறையே சொல்கிறார். ஒருவர் சொன்னதை முதலில் நல்லவிதமாக எடுத்துக்கொள்; முடியாவிட்டால் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேள்; தவறுதான் என்றால் அன்போடு திருத்து. நாம் பெரும்பாலும் நடுவில் உள்ள ‘கேள்’ என்பதைத் தாண்டிக் குதிக்கிறோம்.

கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் மற்ற எல்லோரிடமும் பேசுவது அடுத்த தவறு. ‘அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, உங்களுக்கு மட்டும் சொல்றேன்’ என்று ஆரம்பித்தால் புறணியும் ஜெபக்குறிப்பாகிவிடும். மத்தேயு 18:15 தெளிவாக இருக்கிறது: அவரும் நீயும் தனித்திருக்கையில் பேசு.

அப்புறம், போலித் தாழ்மை. ‘நல்லாப் பாடினீங்க’ என்று ஒருவர் சொன்னால், ‘ஐயோ, நான் ஒன்றுமே இல்லை’ என்று அவர் மறுபடியும் புகழும்வரை இழுக்கிறோம். நன்றி சொல்லிவிட்டு அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கலாமே. பிறரை மேன்மையாக எண்ணச் சொல்லும் பவுல், அடுத்த வசனத்திலேயே பிறருக்கானவைகளையும் நோக்கச் சொல்கிறார் (பிலிப்பியர் 2:3-4).

ஆனால் நல்லவிதமாக எடுத்துக்கொள்வது வேறு, மூடி மறைப்பது வேறு. ‘அன்பு திரளான பாவங்களை மூடும்’ என்ற வசனத்தைச் சபைப் பணத்தைக் கையாடியவருக்கோ, பிள்ளையிடம் தவறாக நடந்தவருக்கோ கேடயமாகப் பிடிப்பது பெரிய அநியாயம். பிறன் மனைவியை எடுத்து, அவள் கணவனையும் கொல்லவைத்த தாவீதைப் பார்த்து, தீர்க்கதரிசி நாத்தான் ‘நீயே அந்த மனுஷன்’ என்று நேருக்கு நேர் சொன்னார். ராஜா என்று பார்க்கவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களில் போலீசுக்குப் போக வேண்டுமென்றால் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் போய் ‘நீங்கதான் தாழ்ந்து போகணும்’ என்று புத்தி சொல்ல நமக்கு உரிமை இல்லை.