பாயில் இருப்பவர்களைப் பார்த்து விளையாட்டை வாங்குங்கள்

திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி மழை தொடங்கினால் பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் போக முடியாது. கரண்ட் எப்போது போகும் என்றும் தெரியாது. அப்படியான நாட்களுக்கென்று கொழும்பிலிருந்து ஒருமுறை பெரிய பெட்டி விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தேன். காணி, வீடு வாங்கி விற்கும் ஆட்டம். ஏழு மணிக்குத் தொடங்கினோம். எட்டு மணிக்கே என் பெறாமகளின் காசு முடிந்து அவள் ஆட்டத்தை விட்டு விலக வேண்டி வந்தது. மற்றவர்கள் பத்தரை வரை விளையாடினோம். அவள் பாயின் ஓரத்தில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் வீடுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே நித்திரையாகிவிட்டாள். எழுத்து சின்னது, வாசிக்க முடியவில்லை என்று அம்மம்மா அதற்கு முன்னமே எழும்பிப் போய்விட்டா.

பெட்டியைப் பார்த்து வாங்கியதுதான் நான் விட்ட பிழை. நீங்கள் முதல்முறை வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒழுங்கில் போங்கள்.

1. யார் யார் இருப்பார்கள் என்று எழுதுங்கள்

ஒரு துண்டில் எழுதினால் போதும். முக்கியமானவர்கள் இரண்டு பேர்: ஆகச் சின்னவரும் ஆக மூத்தவரும். சின்னவருக்கு எண்ணத் தெரியுமா, தமிழ் வாசிப்பாரா, ஆங்கிலம் வாசிப்பாரா? மூத்தவருக்குக் கண் எப்படி, தரையில் இருக்க முடியுமா, கதிரை வேண்டுமா? இந்த இரண்டு பேருக்கும் சரிவரும் ஆட்டம் நடுவில் இருக்கும் எல்லாருக்கும் சரிவரும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் தாயக்கட்டை, சின்னக் காய்கள் உள்ளவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் போட்டுவிடுவார்கள்.

2. பெட்டியில் உள்ள மூன்று எண்களைப் பாருங்கள்

வயது, ஆட்களின் தொகை, எடுக்கும் நேரம். 2–4 என்று போட்டிருந்தால் ஆறு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அல்லது சின்னவர்களைப் பெரியவர்களோடு சோடி சேர்க்கலாம். நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். முதல் இரண்டு தரம் விளங்கப்படுத்தவே நேரம் போகும், அதனால் இரட்டிப்பாகக் கணக்கெடுங்கள்.

3. கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்

தோற்றவர் இடையில் விலக வேண்டுமா? ஒருவர் விளையாடும்போது மற்றவர்கள் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும்? முதலாவதுக்கு ஆம் என்றால், ஆட்டம் பத்து நிமிடத்தில் முடியக்கூடியதாக இருக்கட்டும். பிள்ளைகள் தோல்வியைத் தாங்குவார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் தாங்கமாட்டார்கள்.

4. அதிர்ஷ்டம் எவ்வளவு, மூளை எவ்வளவு?

பாம்பும் ஏணியும் முழுக்க அதிர்ஷ்டம். ஐந்து வயதுப் பிள்ளை தாத்தாவை நியாயமாக வெல்லும், அதனால்தான் சின்னவர்களுக்கு அது நல்லது. பத்து வயதுக்கு மேல் சலித்துவிடும். லூடோவிலும் தாயத்திலும் எந்தக் காயை நகர்த்துவது என்ற யோசனை கொஞ்சம் சேரும். தாயத்துக்குக் கட்டை இல்லாவிட்டால் சோகி போதும். ஆடுபுலி ஆட்டம் முழுக்க மூளை: ஒருவருக்கு மூன்று புலி, மற்றவருக்குப் பதினைந்து ஆடு. சீமெந்துத் தரையில் சோக்கால் கீறி, ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் புலிக்குக் கல்லும் வைக்கலாம். ஒரு சதமும் செலவில்லை.

5. முதலில் ஒரு காட்ஸ் கட்டு வாங்குங்கள்

பெட்டிகளுக்கு முதல் இதுதான் என் தெரிவு. எழுத்துப் பெரிதாக உள்ள கட்டாகப் பார்த்து எடுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளோடு ‘கழுதை’யில் தொடங்கலாம். முதலில் இறங்கிய இனத்தையே (ஆட்டின், கிளாவர் போன்றவை) போட வேண்டும், இல்லாதவர் வேறு இனத்தால் வெட்டுவார், அந்தச் சுற்றில் பெரியதைப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளுவார். கடைசியில் கையில் கடுதாசியோடு நிற்பவர் கழுதை.

இது பழகினால் 304 என்ற காட்ஸ் ஆட்டத்துக்கு வந்துவிடலாம். பெரியவர்கள் விளையாடுவதை விறாந்தையில் எட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். பழகுபவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்:

நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஒவ்வொரு இனத்திலும் இரண்டிலிருந்து ஆறு வரை எடுத்துவிடுங்கள். 32 மிஞ்சும். புள்ளிகள் இப்படி: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. பெயர் வந்தது அப்படித்தான். வலிமையும் இதே வரிசைதான், எட்டு ஏழை வெல்லும். பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதுவே. என் பெறாமகன் ஆஸை ஓங்கி அடித்துவிட்டுக் கையை நீட்டினான். அம்மம்மா அதன் மேல் ஒன்பதை மெதுவாக வைத்து, “பொறு ராசா, இங்க ஒன்பதுதான் பெரிசு” என்று நாலையும் தன் பக்கம் இழுத்தா. அதற்குப் பிறகு அவன் மறக்கவேயில்லை. புள்ளிகளை ஒரு துண்டில் எழுதி நடுவில் வையுங்கள்.

முதலில் நாலு நாலாகப் பகிருங்கள். பகிர்ந்தவரின் வலப்பக்கத்தவர் தன் நாலையும் பார்த்துத் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தை, சொல்லட்டும். பிறகு இன்னும் நாலு. ஆட்டமும் வலப்பக்கமாகவே சுற்றும். 152 புள்ளியைத் தாண்டிய சோடிக்கு வெற்றி. துரும்பைக் கவிழ்த்து மறைப்பது, எத்தனை புள்ளி எடுப்போம் என்று 160இலிருந்து கேள்வி கேட்பது எல்லாம் ஒரு கிழமைக்குப் பிறகு பார்க்கலாம். இன்னொன்று: நாங்கள் சொல்லும் கிளாவரும் (கிளப்ஸ்) இஸ்கோப்பனும் (ஸ்பேட்ஸ்) டச்சுச் சொற்கள். எங்கள் ஊர்க் கோட்டையை விட்டு டச்சுக்காரர் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் காட்ஸ் கட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியும்.

6. அடுத்தது பெட்டி

வாசிக்கத் தெரியாதவருக்கு ஊனோ என்ற கடுதாசி ஆட்டம் நல்லது. நிறமும் எண்ணும் தெரிந்தால் போதும், ஆளுக்கு ஏழு கடுதாசி. ஆனால் மெழுகுதிரி வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் குழம்பும், ரோச் வேண்டும். சோதனை முடிந்து வீட்டில் நிற்கும் பெரிய பிள்ளைகளுக்கு 1995இல் ஜெர்மனியில் வந்த கேட்டன் என்ற போர்ட் விளையாட்டு பிடிக்கும். மூன்று அல்லது நாலு பேர், பத்து வயதுக்கு மேல். யாரும் இடையில் விலகத் தேவையில்லை. தோற்றால் சண்டை வரும் வீடென்றால் பாண்டமிக் என்ற விளையாட்டைப் பாருங்கள், எல்லாரும் ஒரே பக்கம் நின்று நோய்களை எதிர்ப்பது. அதில் ஆங்கில வாசிப்பு அதிகம்.

கரம் போர்டுக்கு இடம் வேண்டும், ஆனால் மூன்று தலைமுறையும் சேரும். பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம், சின்னவர்கள் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.

7. கடற்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. ஈரக்காற்றில் கடுதாசி ஒட்டும், போர்ட் வளையும். கரம் போர்டை ஈரச் சுவரில் சாய்க்காமல் கட்டிலுக்கடியில் படுக்கையாக வையுங்கள். காட்ஸை இறுக்கமான பிஸ்கட் டின்னில், சீலைத்துண்டில் கட்டிய வறுத்த அரிசியோடு போடுங்கள். 304க்கென்று எடுத்த இருபதையும் அதே டின்னில் ரப்பர் பட்டி போட்டு வையுங்கள். கழுதைக்கு 52ம் வேண்டும்.