மாஸ்டர் சிலிண்டர் மாற்றுகிறீர்களா? புஷ் ராடை அளக்காமல் மூடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி 1999 மாடல் ஜென் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அப்பா ஓட்டிய வண்டி. வீடியோ பார்த்து, வீட்டு வாசலிலேயே மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) தானே மாற்றியிருக்கிறார். வேலை சுத்தமாகவே இருந்தது. "அண்ணா, பிரேக் மேலேயே பிடிக்குது, ஆனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றார். முன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது. 20 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. இந்த வருடத்தில் மட்டும் இது மூன்றாவது வண்டி.

நட்டை முறுக்க மறப்பது, மூடியைத் திறந்தே வைப்பது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

போனது மாஸ்டர்தானா?

மிதித்துப் பிடித்த பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஒழுகல் இல்லை என்றால் மாஸ்டரைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் முதல் வேலை அங்கேதான். மாஸ்டரும் பூஸ்டரும் (கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் வட்டமான பாகம்) சேரும் இடத்தின் அடியிலும் விரலை விட்டுத் தடவுங்கள். பின்பக்க ரப்பர் போயிருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாது. பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்கினால் பயப்படாதீர்கள். பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைக் கோளாறு என்று நினைத்து நல்ல மாஸ்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

பழைய சிலிண்டருக்குள் புது ரப்பர் கிட்

உள்ளே குழி விழுந்திருந்தால் வேண்டாம். முழு அசெம்பிளியாக வாங்குங்கள்.

புஷ் ராடு

மாஸ்டரின் உள்ளே, ஆயில் டப்பாவுக்குப் போகும் வழியில் ஊசி முனை அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். பிரேக் சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்ப அது ஒன்றுதான் வழி.

பூஸ்டரிலிருந்து வந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு ஒரு பொடி நீளம் அதிகமாக இருந்தால்கூட பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, துளை அடைபட்டே இருக்கும். கொடுமை என்னவென்றால், பட்டறையில் நிற்கும்போது அந்த பிரேக் அருமையாக இருக்கும். பெடல் மேலேயே கல் மாதிரி நிற்கும். அன்றைக்கு நானும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன். அதுவும் ஒரு ஜென். குடும்பத்தோடு குன்னூர் போனார்கள். மலை ஏறும்போதே வண்டி திணறியிருக்கிறது, ஏற்றம்தானே என்று விட்டுவிட்டார்கள். இறங்கும்போது பர்லியார் பக்கத்தில் தீய்ந்த நாற்றம், முன் சக்கரத்தில் புகை. பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்திருந்தன. பேடு கருகி, பேரிங் கிரீஸ் உருகி வழிந்திருந்தது. நான் அதோடும் திருந்தவில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிபர்தான் இறுகியிருக்கிறது என்று நினைத்து இரண்டு கேலிபரையும் மாற்றினேன். இரண்டு நாளில் வண்டி அதே நாற்றத்தோடு திரும்பி வந்தது. அத்தனை செலவுக்கும் காரணம், புஷ் ராடு நுனியில் இருந்த திருகை நான் தொட்டுக்கூடப் பார்க்காததுதான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

புது மாஸ்டர் பழையதைப் போலவே இருந்தாலும், பிஸ்டனில் உள்ள குழியின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பூஸ்டரையும் சேர்த்து மாற்றினால் கேட்கவே வேண்டாம். அதனால் அளந்தே ஆக வேண்டும். குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணில் மிளகு அளவு எடுத்து பிஸ்டன் குழியில் வைத்து, மாஸ்டரை பூஸ்டரோடு சேர்த்து நட்டை முறுக்கிவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எவ்வளவு என்று இருக்கும், அதன்படி ராடு நுனியைத் திருகி வையுங்கள். களிமண் சுத்தமாக ஒட்டிப்போய் ராடு தெரிந்தால் ராடு நீளம். ரொம்பத் தடிமனாக இருந்தால் ராடு குட்டை. அப்போது பெடல் பாதி தூரம் சும்மா இறங்கும். அதை பைப்புக்குள் புகுந்த காற்று (ஏர்) என்று நினைத்து, அதை வெளியேற்ற பாட்டில் பாட்டிலாக ஆயிலை ஊற்றி வீணாக்குவார்கள். அளந்த பிறகு களிமண்ணைத் துளிகூட இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாஸ்டர் மாட்டிய வண்டியில் பிரேக் விடாமல் பிடிக்கிறதா? பிடித்திருக்கும் நேரத்திலேயே மாஸ்டரை பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டையும் இரண்டு சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் கேலிபர் மேல் தப்பில்லை. ராடைப் பாருங்கள். பிரேக் லைட் சுவிட்ச் பெடலை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

மேசையில் ஏர் எடுக்காமல் மாட்டுவது

மாட்டும் முன் புது மாஸ்டரை வைஸில் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் சின்ன டியூபை ஆயில் டப்பாவுக்குள் திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். இதைத் தவிர்த்தால், சாயங்காலம்வரை நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

பைப் நட்

மாஸ்டரை முறுக்கும் முன், பைப் நட்டுகளைக் கையால் நாலு சுற்று ஏற்றிவிடுங்கள்.

பெடலைத் தரைவரை மிதிப்பது

இது பழைய மாஸ்டருக்கு. பிஸ்டன் வருடக்கணக்கில் போகாத இடத்தில் துரு இருக்கும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் ரப்பர் அதில் உரசிக் கிழியும். ஆயில் மாற்ற வந்த வண்டி மாஸ்டர் போய்த் திரும்பும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

ஆயில்

இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் ஊதிவிடும். பெட்ரோலில் கழுவுவதும் அப்படியே. டாட் 3 என்ற பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் இழுத்துவிட்டால் அது 140 வரை இறங்கிவிடும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டில் வேண்டாம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அந்தத் தம்பியின் ஜென்னில் களிமண் காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது, நடுவில் ராடு முனை பளிச்சென்று தெரிந்தது. ராடைக் குறைத்து மாட்டி, ஏர் எடுத்துவிட்டு, ஆயில் டப்பா மூடியைத் திறந்து வைத்து, பெடலை விரலால் லேசாகத் தட்டச் சொன்னேன். இரண்டு அறையிலும் ஆயில் ஒரு குட்டி ஊற்று மாதிரி எழும்பி அடங்கியது. "இதுக்கு முன்னாடி இது வரவே இல்லண்ணா" என்றார். துளை திறந்துவிட்டது. மூடியைப் போட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தோம். முன்னால் இரண்டும் இளஞ்சூடு, பின்னால் அதுவும் இல்லை.