ஞாயிற்றுக்கிழமை லாவ்ஷி: வார இறுதிச் சீனப் பள்ளியில் கற்பிக்க வருபவர்களுக்கு

நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்த தமிழச்சி. அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டுக்கு எதிரில் இருந்த சீனப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அதற்காகப் பாட்டி அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. அங்கே ஆறாண்டு வாங்கிய பிரம்படிதான் இன்று நியூ ஜெர்சியில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்னை 'லாவ்ஷி' ஆக்கி வைத்திருக்கிறது. லாவ்ஷி என்றால் ஆசிரியர். முதல் நாள் ஒரு தாய் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஆசிரியர் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். நான் பொதுச் சீனமான மாண்டரினில் பதில் சொன்னேன். அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பாமல் தன் மகனை மட்டும் உள்ளே அனுப்பினார். இப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய இரண்டாவது மகளும் என் வகுப்பில்தான் படித்தாள்.

இந்த ஆண்டு, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு வேலையைப் பழக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பக்கத்து ஊர்த் தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கும் தோழி, "அவர்களுக்குச் சொன்னதை எனக்கும் தமிழில் எழுதிக் கொடுங்கள் அக்கா" என்றாள். அதுதான் இது.

முதலில் ஒரு கணக்கு. எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு 30 ஞாயிறுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஆக 60 மணி நேரம். கிள்ளானில் நான் மூன்றே வாரத்தில் கேட்ட சீனத்தை இந்தக் குழந்தைகள் ஓர் ஆண்டு முழுவதும் கேட்கிறார்கள். இடைவேளை, பனிப்பொழிவு விடுமுறை, சீனப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கான ஒத்திகை எல்லாம் போனால் கையில் மிஞ்சுவது இன்னும் குறைவு. ஆகவே, வகுப்பு ஒன்றரை மணிக்கு என்றால் நீங்கள் ஒன்றேகாலுக்கு அறையில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்கும் ஆசிரியரைப் பெற்றோர் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அடுத்த வாரம் பாதிக் குழந்தைகள் பத்து நிமிடம் தாமதமாக வருவார்கள்.

அறை நம்முடையது அன்று

அது ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறை. நாம் வாடகைக்கு இருப்பவர்கள். உள்ளே நுழைந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கைப்பேசியில் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு படங்கள் எடுத்துவிடுங்கள். மேசைகள் எப்படி இருந்தனவோ, கிளம்பும்போது படத்தைப் பார்த்து அப்படியே திருப்பிப் போடுங்கள். பலகையில் யாரோ ஓரமாக எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த அறையின் மார்க்கரையும் தொடாதீர்கள், உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.

மூன்றாண்டுக்கு முன்பு ஜன்னல் விளிம்பில் காகிதக் கோப்பைகளில் அவரை விதை முளைக்கப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். இடைவேளையில் என் மாணவி ஒருத்தி, செடிகள் தாகமாக இருப்பதாக முடிவுசெய்து, 22 கோப்பைகளிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். பாசத்தில் செய்த காரியம்தான். திங்கட்கிழமை வந்த கடிதத்தில் அந்தப் பாசம் யாருக்கும் புரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இடைவேளையில் நான் தேநீர் குடிக்க வெளியே போவதில்லை. நீங்களும் போகாதீர்கள். அன்று காவல் முறை வரும் பெற்றோர் நடைக்கூடத்தில் இருப்பார். அறைக்குள் இருக்க வேண்டியவர் ஆசிரியர்.

தின்பண்டம் கொண்டுவருவதாக இருந்தால் முதலில் ஒவ்வாமைப் பட்டியலைப் பாருங்கள். இலையுதிர்கால நிலா விழாவுக்கு மூன்கேக் கொண்டுவர எல்லாருக்கும் ஆசை வரும். அதன் உள்ளே எள், பாதாம், வால்நட் என எது இருக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. நான் கொண்டுவருவதே இல்லை. நிலா வடிவில் காகிதம் வெட்டச் சொல்கிறேன்.

கற்பித்தல்

ஒரே வகுப்பில் மூன்று வகைக் குழந்தைகள் இருப்பார்கள். வீட்டில் மாண்டரின் பேசுகிறவன் காதால் எல்லாவற்றையும் புரிந்துகொள்வான், ஓர் எழுத்தும் தெரியாது. வீட்டில் கான்டனீஸ் என்ற இன்னொரு சீனப் பேச்சைப் பேசுகிற குழந்தைக்கு எழுத்து பழக்கமாக இருக்கும், உச்சரிப்பு வேறாக இருக்கும். மூன்றாவது, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்கிற குழந்தை. முதல் வகைக் குழந்தைகளோடு மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது எளிது. அந்தப் பொறியில் நானும் விழுந்திருக்கிறேன். இப்போது கேள்வி கேட்கும்போது மூன்றாவது வகைக் குழந்தையிடமிருந்து தொடங்குகிறேன்.

தொனியை விட்டுக்கொடுக்காதீர்கள். 'மாய்' என்பதைத் தாழ்த்தி மேலே ஏற்றினால் வாங்குவது. மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. ஒரு குழந்தையைக் கடைக்காரராகவும் இன்னொன்றை வாடிக்கையாளராகவும் நிறுத்துங்கள். தொனி தவறினால் கடைக்காரரே வாங்கத் தொடங்கிவிடுவார். வகுப்பு சிரித்துத் திருத்தும், நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பின்யின், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் வந்த முறை. அமெரிக்கக் குழந்தையின் கண்ணுக்கு அது ஆங்கிலமாகத்தான் தெரியும். 'எக்ஸ்' எழுத்தைக் கண்டால் 'ஷி' போன்ற ஒலி என்று அதற்கு உடனே தோன்றாது. அதனால்தான் சில பள்ளிகள் எழுத்துகளை முதலில் கற்பித்துவிட்டுப் பின்யினைப் பிறகு கொண்டுவருகின்றன. எனக்கும் அந்த முறைதான் பிடிக்கும். ஆனால் உங்கள் பள்ளி எந்த முறையை வைத்திருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஒரு வகுப்பு ஒரு முறை, அடுத்த வகுப்பு இன்னொரு முறை என்றால் நடுவில் தடுமாறுவது குழந்தை.

எழுதும்போது பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள், எழுத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. போன மாதம் ஒரு பையன் 'நாடு' என்று பொருள்படும் சீன எழுத்தை எழுதினான். பெட்டியை நான்கு பக்கமும் அழகாக மூடிவிட்டு, பிறகு உள்ளே வரவேண்டிய 'ஜேட்' என்ற பச்சைக் கல்லைக் குறிக்கும் எழுத்தை நெருக்கித் திணித்துக்கொண்டிருந்தான். "கதவைச் சாத்திவிட்டு எப்படி உள்ளே போனாய்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "ஜன்னல் வழியாக" என்றான். மூன்று பக்கம் கட்டு, உள்ளே ஆளை அனுப்பு, கடைசியில் கதவைச் சாத்து: கோட்டு வரிசை விதிகளில் குழந்தைகளுக்கு மறக்காமல் நிற்பது இது ஒன்றுதான். கட்டம் போட்ட தாளையே தரவேண்டும். நடுவில் சிலுவைக் கோடு போட்ட அந்தக் கட்டம் 'வயல்' என்ற எழுத்தைப் போலவே இருப்பதால் அதற்கு வயல் கட்டம் என்று பெயர். வெற்றுத்தாளில் எழுதவிட்டால் எழுத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் தனித்தனியே குடித்தனம் போய்விடும்.

ஒரு பெண் 'கற்றல்' என்ற எழுத்தை 16 கோடுகளில், பழைய வடிவத்தில் எழுதி வந்திருந்தாள். நாங்கள் கற்பிப்பது 8 கோடுகள் கொண்ட எளிய வடிவம். நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். அடுத்த ஞாயிறு அவளுடைய பாட்டி வந்தார், பழைய வடிவத்தையே எழுதும் தைவானிலிருந்து வந்தவர். சத்தம் போடவில்லை. "இதை எனக்கு என் அம்மா கற்றுக்கொடுத்தார்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு நான் பெருக்கல் குறி போடுவதில்லை. பழைய வடிவம் எழுதினால் அருகில் எளிய வடிவத்தைப் பச்சை மையில் எழுதுகிறேன். தேர்வில் எது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுப்பாடமும் பெற்றோரும்

சொல்வதெழுதுதல் வாராவாரம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் புத்தகப் பை அடுத்த ஞாயிறுவரை காரிலேயே இருக்கும். ஆனால் வீட்டுப்பாடத்தை மொத்தமாகக் கொடுத்தால், சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு தாயும் ஒரு குழந்தையும் அழுதுகொண்டே முடிப்பார்கள். நான் தாளிலேயே 'செவ்வாய்', 'புதன்' என்று கிழமை அச்சிட்டுப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகத் தருகிறேன். ஒரு துண்டு, பாடத்தை வாய்விட்டுப் படித்துக் குரல்பதிவாக வீசாட் செய்திச் செயலியில் உள்ள வகுப்புக் குழுவில் அனுப்புவது. அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் போடுங்கள். ஒரே கட்டைவிரல் படத்தை எல்லாருக்கும் போட்டால் இரண்டாவது வாரமே பதிவுகள் நின்றுவிடும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை எழுத்து முடித்திருக்கிறான்? சிலர், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி சீனத் தேர்வைப் பற்றி நான்காம் வகுப்பிலேயே விசாரிப்பார்கள். 2007இல் முதன்முதலாக நடந்த அந்தத் தேர்வு முழுவதும் கணினியில் நடக்கிறது. விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும், கையால் எழுத வேண்டியதில்லை. அப்படியானால் கையெழுத்துப் பயிற்சி எதற்கு என்று ஒரு தந்தை நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. என் வழி இது: ஒரு பாடத்தில் இருபது எழுத்து படிக்கத் தெரிய வேண்டும், அதில் எட்டு எழுதத் தெரிய வேண்டும். ஒரு கோடு கூடினால் வேறு எழுத்தாகிவிடும் என்பது எழுதிப் பார்த்த கைக்குத்தான் பிடிபடுகிறது. இதை ஆண்டின் முதல் ஞாயிறே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத்தில் சொன்னால் சாக்குப் போலத் தோன்றும்.

வர முடியாத வாரமானால் புதன்கிழமைக்குள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். மாற்று ஆசிரியருக்குப் பக்க எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். எந்த இருவரைச் சேர்ந்து உட்காரவிடக் கூடாது, யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாரை யார் அழைத்துப்போக வருவார் என்பவையும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றி: கிடைப்பது பெட்ரோலுக்கும் ஒட்டுப்படங்களுக்கும் சரியாக இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் குழந்தைகளை வாசலில் மொத்தமாக அவிழ்த்துவிடக் கூடாது. முகம் பார்த்து, பட்டியலில் உள்ள பெரியவரிடம் ஒவ்வொருவராக ஒப்படையுங்கள். தெரிந்த பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும் பெற்றோரிடமிருந்து செய்தி வராமல் அனுப்பாதீர்கள். யாராவது ஒருவரின் அப்பா எப்போதும் தாமதமாகத்தான் வருவார். என் வகுப்பில் அது ஜன்னல் வழியாக உள்ளே போன பையனின் அப்பா. நாங்கள் இருவரும் கைப்பேசிப் படத்தைப் பார்த்து மேசைகளை நகர்த்துவோம். எந்த நாற்காலி கோணல் என்று அவன்தான் கண்டுபிடிப்பான்.